கட்டில் காலில் ஒரு முடிச்சு

அந்தக் கட்டிலில் போர்வை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் தலையணை. தலையணைக்கு மேல், கழுவிக் கவிழ்த்த ஒரு பிளாஸ்டிக் கோப்பை. ஆளைக் காணவில்லை.

காலை ஏழரை மணி இருக்கும். லைசோல் விட்டுத் துடைத்த தரை இன்னும் காயாமல் கிடந்தது. அந்த ஈரத்தில் ஒற்றைக் காலின் தடம் கதவுவரை போயிருந்தது. மற்றக் கால் துணிக்கட்டோடு இழுபட்டுப் போன இடத்தில் ஒரு நீளக் கோடு மட்டும் தெரிந்தது.

கடல் வந்துபோய் மூன்று நான்கு கிழமைதான், ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சுனாமி என்ற சொல் எங்கள் வாய்க்கு அப்போது பழகவில்லை. "கடல் வந்த அண்டு" என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்தக் கட்டிலில் இருந்தவர் பெயர் பூரணம். மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பக்கம். மீன்பிடியும், காடு வெட்டிச் சேனைப் பயிரும் செய்கிற குடும்பம். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். கடல் இழுத்த இழுப்பில் கூரைத் தகரம் வெட்டி இடது பாதம் கிழிந்திருந்தது. சீனி வருத்தம் என்று நாங்கள் சொல்கிற நீரிழிவும் இருந்ததால் புண் ஆறவேயில்லை. "ஒவ்வொரு நாளும் கழுவிக் கட்டவேணும். இடையில விட்டா கால் போயிடும்" என்று டொக்டர் முதல்நாள்தான் சொல்லியிருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே நடந்த பிழை என்னுடையது. கட்டிடத்துக்கு அதில் பங்கில்லை.

நான் நேர்ஸ்மாருக்குப் படிப்பிக்கிறவள். அன்று என் பின்னால் ஏழு மாணவிகள், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, ஆளுக்கொரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நோயாளியோடு கதைத்துப் பழகுவது என்ற பாடத்துக்கு நான் கொடுத்த தாள் அது. ஒரு நோயாளியிடம் போய், வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்லி, அன்பாகக் குடும்பத்தை விசாரித்து எழுதிவர வேண்டும்.

முதல்நாள் ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பூரணத்திடம்தான் போயிருந்தார்கள். மற்றக் கட்டில்களைச் சுற்றிச் சொந்தக்காரர் நின்றார்கள். பூரணத்துக்கு ஆள் இல்லை. எழும்பிப் போக ஏலாது. ஏசவும் மாட்டார். பயிற்சிக்கு வலு வசதி.

தாள்களை வாங்கிப் பார்த்தேன். முதல் தாளில் "பிள்ளைகள்: மூன்று" என்று இருந்தது. இரண்டாவதிலும் மூன்று. அதற்குப் பிறகு மூன்று தாள்களில் ஒன்று. கடைசி இரண்டில் "பிள்ளைகள் இல்லை".

அப்போது எனக்கு என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆத்திரம். "ஒரு மனிசியிட்ட ஒரே கேள்வியக் கேட்டு மூண்டு மறுமொழி எழுதிக்கொண்டு வந்து நிக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் காது கம்மல் போடத்தானா?" என்று வாட்டு அதிரக் கத்தினேன். மாணவிகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் கத்திரிக்கோல் மிஸ். இடுப்பில் கத்திரிக்கோல் தொங்குவதால் வந்த பெயர் என்று கனகாலம் நம்பியிருந்தேன்.

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். ஒருத்தி மட்டும் குனியவில்லை. ஏறாவூர்ப் பிள்ளை ரிஸ்னா. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருக்கிறவள்.

"மிஸ், ஏசுங்க. ஆனா அவவ நாங்கதான் அனுப்பின" என்றாள்.

பக்கத்துக் கட்டில் அம்மா அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பூரணத்துக்கு மூன்று பிள்ளைகள். இரண்டைக் கடல் எடுத்துவிட்டது. மிச்சம் ஒன்று தங்கச்சியோடு முகாமில்.

"மூண்டு எண்டு சொல்லக்குள்ள, எங்க அவங்க எண்டு கேட்டிருக்கம். மறுகா ஒண்டு எண்டு சொல்லிப் பாத்திருக்கா. ஏன் ஒண்டோட நிப்பாட்டின எண்டு சிரிச்சிக்கிட்டுக் கேட்டிருக்கம். கடைசில இல்ல எண்டா. நான்தான் மிஸ் கேட்டன், ஐயோ ஏன், மருந்து ஒண்டும் எடுக்கல்லயா எண்டு."

அவள் அழவில்லை. நான்தான் அந்த மடித்த போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் கேள்வி

போன கிழமை இந்தப் பத்தியில், என் முதல் ஊசியைத் தலையணைக்குப் போட்ட கதையை எழுதியதும் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். "மிஸ், உங்கட பிழைகள்ள சின்னதாப் பாத்துத்தானே எழுதுறீங்க" என்றாள். கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஆகவே இந்தக் கிழமை பெரிய பிழை.

அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் பயிற்சிக்குப் போன காலத்தில் வாட்டில் நோயாளிக்குப் பெயர் கிடையாது. "ஒன்பதுக்கு ஊசி போட்டாச்சா? பதினொண்டு சாப்பிட்டுதா?" இப்படித்தான் பேச்சு. படுவான்கரையிலிருந்து வந்த ஒரு வயலுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "மகள், எங்கட வட்டைக்குள்ள மாட்டுக்கும் பேர் இரிக்கி" என்றார். வயல் வெளியில் மேய்கிற மாட்டுக்கு உள்ள மரியாதை தனக்கு இல்லை என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. படிப்பிக்கப் போனால் இதைத்தான் முதலில் மாற்றுவேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

மாற்றவும் செய்தேன். பெயரைக் கேள், ஊரைக் கேள், குடும்பத்தைக் கேள் என்று சொல்லிக் கொடுத்தேன். எங்கள் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை. நாவற்குடாவில் பஸ் ஏறினால் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் பக்கத்துச் சீற்று மனிசி உங்கள் தாய் யார், என்ன குடி, எத்தனை பிள்ளைகள், மூத்தது என்ன செய்கிறது என்று எல்லாம் கேட்டு முடித்துவிடுவார். குடி என்பது எங்களுக்குத் தாய்வழி வருகிற வமிசம். அதைச் சொன்னால் எங்காவது ஒரு சொந்தம் தட்டுப்படும். "அப்ப நீ எனக்கு மச்சாள் முறைகா" என்று சொல்லி, தன் மீன் பையை உங்கள் மடியில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்பது வேறு கிழமைக்கான கதை. அதுவும் பெரிய கதையில்லை. ஆனால் "எத்தனை பிள்ளைகள்?" என்ற கேள்வியை வருசக்கணக்காக பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் மாமாங்கக் கோயில் திருவிழாச் சனத்துக்குள்ளும் நான் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் உள்ளே ஏதோ இடறும். அப்படி இடறியவள்தான் அந்தக் கேள்வியைத் தாளில் அச்சடித்து ஏழு பிள்ளைகள் கையில் கொடுத்தேன். புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கும் விடைபெறும்போது நாங்கள் "வாறன்" என்றுதான் சொல்வோம். செத்த வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் சொல்ல மாட்டோம். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளில், எவ்வளவு பிரியமான நேர்ஸாக இருந்தாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார்கள். வருகிறேன் என்று சொன்னால் வருத்தம் திரும்பி வந்துவிடும் என்ற பயம். பூரணம் தலையைக்கூட ஆட்டாமல் போயிருந்தார்.

வாட்டில் எடுபிடி வேலை செய்கிற அற்றெண்டன் ஒருவரை பஸ் நிலையத்துக்கு அனுப்பினோம். காணவில்லை. வாகரைப் பாதையில் பாலம் உடைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நானே இரண்டு முகாம்களுக்குப் போய் விசாரித்தேன். "அந்தக் கால் ஏலாத மனிசியா? தங்கச்சியையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வடக்கால போயிட்டாவே" என்றார்கள்.

தலையணை எறிந்த வகுப்பு

அந்த நாட்களில் பயிற்சி கொடுக்கவென்று வெளியிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். சுவரில் படம் காட்டுவார்கள். மத்தியானம் சோற்றுப் பார்சல். ஒருவர் "நோயாளியைப் பார்த்துப் புன்னகைக்கவும்" என்று ஒரு படத்தைக் காட்டினார். "வீட்டில மூண்டு பேரக் கடல் கொண்டு போன ஆளுக்கு முன்னால எந்தப் பல்லக் காட்டிச் சிரிக்கிற தம்பி?" என்று கேட்டேன். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பாவம், நல்ல பிள்ளை.

பிறகு வகுப்புக் கட்டிலில் நானே ஏறிப் படுத்தேன். பாடம் பழக வைத்திருந்த கட்டில் அது. வழக்கமாக அதில் ஒரு ரப்பர் பொம்மை கிடக்கும். பொம்மையைக் கதிரையில் இருத்திவிட்டு, "நான் நோயாளி. ஒவ்வொருத்தரா வந்து அந்தத் தாளில உள்ளதக் கேளுங்க" என்றேன்.

முதல் பிள்ளை வந்தாள். "வணக்கம் அம்மா. உங்களுக்கு எத்தின பிள்ளைகள்?"

"இல்ல."

இரண்டாவது பிள்ளை. "ஏன் அம்மா, கலியாணம் கட்டல்லயா?"

மூன்றாவது பிள்ளை குரலை இன்னும் இனிமையாக்கிக்கொண்டு, "அப்ப வயசு போன காலத்துல ஆர் பாக்கிற?" என்றாள். அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. எங்கள் ஊர் வாயில் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும்.

நான்காவது பிள்ளை வாயைத் திறக்க முன்னமே தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டேன். அது பொம்மையில் பட்டு, பொம்மை கதிரையோடு விழுந்தது. ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இருக்கவில்லை.

"மூண்டு தரத்துக்கே எனக்கு இப்பிடி எண்டா" என்றேன். மிச்சத்தைச் சொல்லத் தேவைப்படவில்லை.

அப்போது ரிஸ்னா எழும்பினாள். அவளுடைய ஊரிலும் சண்டையால் ஒரு கெட்ட காலம் வந்து போயிருந்தது. அதில் தகப்பனை இழந்தவள். "வாப்பா மௌத்தானதுக்குப் பொறகு விசாரிக்க வாற எல்லாருக்கும் உம்மா முதல்ல இருந்து சொல்லணும் மிஸ். எல்லாரும் அன்பாத்தான் வந்த. ஒரு நாள் உம்மா கதவப் பூட்டிட்டா. உம்மாட தங்கச்சி, என்ர சாச்சி வந்து வாசல்ல இருந்து, கேக்க வந்த ஆக்களுக்கெல்லாம் தானே சொல்லி அனுப்பினா. அதுக்குப் பொறகுதான் உம்மா சோறு திண்ட."

வாசலில் இருந்து சொல்ல ஒருவர் வேண்டும். அதுதான் வழி என்று எனக்கு அந்த இடத்திலேயே பிடிபட்டது.

"இதென்ன, நேர்த்தியா?"

நாங்கள் செய்தது சின்னக் காரியம். ஒரு நோயாளியிடம் துக்கமான விசயத்தை ஒருவர் ஒருமுறை கேட்டால் போதும். கேட்டவர் அதை டிக்கட்டில் எழுத வேண்டும். கட்டிலோடு இருக்கிற நோயாளியின் அட்டையைத்தான் டிக்கட் என்போம். எழுதிவிட்டு, புண் கட்டுகிற துணியில் ஒரு துண்டைக் கட்டிலின் கால்மாட்டில் சுற்றி ஒரு முடிச்சுப் போட வேண்டும். முடிச்சைக் கண்டால் அடுத்தவள் வாயைத் திறக்க முன்னம் டிக்கட்டை வாசிக்க வேண்டும்.

குடும்பத்துக்குப் பதிலாக என்ன கேட்பது? இதற்கு ஒரு கிழமை மண்டையை உடைத்தோம். கடைசியில், நாங்கள் செய்யப் போவதைச் சொல்லிவிட்டு அதைப் பற்றியே கேட்பது என்று முடிவாயிற்று. "தண்ணி ஊத்தப் போறன், குளிரும். நோகுது எண்டாக் கைய ஒசத்துங்க, நிப்பாட்டுறன்." கேட்க எவ்வளவு இலேசு. பழக்குவதற்கு மாதக்கணக்காயிற்று. கை உயர்ந்ததும் நிறுத்த வேண்டுமே! வேலை அவசரத்தில் நேர்ஸின் கை லேசில் நிற்காது. "இந்தா முடிஞ்சி, இந்தா முடிஞ்சி" என்று சொல்லிக்கொண்டே உரித்துவிடுவோம். நானும் அப்படி எத்தனையோ கட்டுகளை உரித்தவள்தான்.

வாட்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டருக்கு முடிச்சு பிடிக்கவில்லை. கட்டில் என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் அவருக்கு. "இதென்ன, நேர்த்தியா? இது ஆஸ்பத்திரியா, மாமாங்கக் கோயிலா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஏனென்றால், பார்க்க வருகிற சனம் ஏற்கனவே அதைக் கோயிலில் நேர்ந்து கட்டுகிற நேர்த்திக்கடன் முடிச்சு என்றுதான் நினைத்துவிட்டது. ஒரு தகப்பன் மகளின் கட்டில் முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். இன்னொரு வீட்டார் மஞ்சள் துணி கொண்டுவந்து தாங்களும் பக்கத்தில் ஒன்று கட்டிவிட்டார்கள். ஒரு நாள் பார்த்தால் வருத்தம் சுகமாகி வீட்டுக்குப் போகிற ஒரு மனிசி முடிச்சை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போகிறார்.

பெரிய சிஸ்டர் எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொன்னார். நானும் அவரும் வாட்டு வாசலில் நின்று கதைத்த கதை வாவிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். கடைசியில் நான், "ஒரு மாதம் விடுங்க சிஸ்டர். அதுக்குள்ள ஒரு நோயாளியாவது சொல்லாமப் போனா நானே வெட்டுறன், கத்திரிக்கோல் என்னட்டத்தான் இரிக்கி" என்றேன்.

ஒரு மாதத்தில் ஒருவரும் சொல்லாமல் போகவில்லை. அதற்குப் பிறகு முடிச்சுப் போடுகிற துணியை ஒரே அளவாக வெட்டி, ஒரு டப்பாவில் அடுக்கி மேசையில் வைத்தது பெரிய சிஸ்டர்தான்.

திரும்ப வந்த கால்

பிறகு, கொஞ்சக் காலம் ஓய்ந்திருந்த உள்நாட்டுச் சண்டை திரும்ப மூண்டது. வாகரையில் செல் குண்டு விழுந்து, சனம் காட்டு வழியாலும் தண்ணீராலும் நடந்து வந்து முகாம்களில் கிடந்தது. பிள்ளைகளோடு முகாம் முகாமாக மருந்து கட்டப் போவேன். ஆட்களின் முகத்தைப் பார்க்க முன்னம் இடது காலைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தக் காலை எங்கும் காணவில்லை.

சண்டை முடிந்த வருசம் வாகரை பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. அந்த பஸ்ஸில்தான் பூரணம் வந்தார். மிச்சமிருந்த பிள்ளையை ஊரில் சொந்தக்காரரோடு விட்டுவிட்டு, தங்கச்சி தோளைப் பிடித்துக்கொண்டு வாட்டுக்குள் நொண்டி வந்தபோது, நான் ஐந்தாறு புதுப் பிள்ளைகளோடு மருந்து அலுமாரிப் பக்கம் நின்றேன். பழைய தழும்பு திறந்து, இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. முகம் மெலிந்திருந்தது. ஆனால் கால் பொய் சொல்லாது.

டொக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு விரலையும் எடுக்கவேணும். ஆறு கிழமை இருந்து ஒவ்வொரு நாளும் கட்டினா மிச்சத்தக் காப்பாத்தலாம். இந்தமுறை விட்டுட்டுப் போனா முழங்காலோட எடுக்கவேண்டி வரும்" என்றார்.

"விரல எடுங்க. நான் இஞ்ச இருக்க மாட்டன்" என்றார் பூரணம். "முந்தி இருந்தனான். தெரியும்."

தங்கச்சி எங்களைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். "வரக்குள்ளேயே சொல்லிக்கிட்டுத்தான் வந்தவ. விடிஞ்சாப் போயிடுவா. நான் சொன்னாக் கேக்க மாட்டா."

ரிஸ்னா அப்போது அந்த வாட்டில் நிரந்தர நேர்ஸ். அவளும் காலைப் பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். டப்பாவிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் முடிச்சுப் போட்டாள். டிக்கட்டில் ஏதோ எழுதினாள். பிறகு நான் எடுத்து வாசித்தேன்: "கடலில் இரண்டு பிள்ளைகள். யாரும் கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் இருந்து கேட்கவும்."

அந்தக் கடைசி வரியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

சும்மா தூக்கிய கை

விரல்களை எடுத்த மறுநாள் காலை முதல் கட்டு மாற்ற வேண்டும். புதுப் பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் அன்று முறை. அவளுக்குப் பூரணத்தை முன்பின் தெரியாது. கடல் வந்த காலத்தில் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. ரிஸ்னா செய்யட்டுமா என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு, என் பாடம் நல்ல பாடமா என்று தெரிய வேண்டுமானால் அது இவள் கையில்தான் தெரிய வேண்டும் என்று விட்டுவிட்டேன். நான் திரைக்கு இந்தப் பக்கம், இடைவெளியால் பார்த்தபடி நின்றேன்.

பிள்ளை கட்டிலடிக்கு வந்தாள். முடிச்சைக் கண்டாள். டிக்கட்டை எடுத்து வாசித்தாள். திரும்ப வைத்தாள்.

"அம்மா, நான் உங்கட..."

"அம்மா எண்டு கூப்பிடாத புள்ள."

"அக்கா எண்டு கூப்பிடட்டா?"

பூரணம் காலைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். பிள்ளை அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். "அக்கா, இப்ப கட்டு ஊற வைக்கத் தண்ணி ஊத்தப் போறன். குளிரும். நோகுது எண்டாக் கைய ஒசத்துங்க, நிப்பாட்டுறன்."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. முதல் சுற்றுத் துணி கழன்றது. இரண்டாவது சுற்று கழலும்போது பூரணம் கையை உயர்த்தினார். பிள்ளையின் இடுக்கி அப்படியே நின்றது.

"நோகுதா அக்கா?"

"இல்ல. சும்மாதான். நிப்பாட்டுவியா எண்டு பாத்தன்."

"நிப்பாட்டித்தான் வச்சிருக்கன். நீங்க சொல்லக்குள்ள தொடங்குறன்."

வெளியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளை அசையவில்லை. வேறு நான்கு பேருக்குக் கட்டு மாற்ற இருந்தது அவளுக்கு.

"ம். கழட்டு" என்றார் பூரணம்.

அன்று முழுக்க நான் ஏதாவது ஒரு சாட்டில் அந்த வாட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். மாத்திரை கொடுக்க ஒருத்தி, இரத்தம் எடுக்க ஒருத்தி, படுக்கை மாற்ற இருவர் என்று ஆட்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவரும் கால்மாட்டில் ஒரு கணம் நின்றார்கள். ஒவ்வொருவரும் டிக்கட்டைப் பார்த்தார்கள். ஒருத்தியும் கேட்கவில்லை. என் பிள்ளைகள்! கத்தி ஆர்ப்பரிக்க வேண்டும்போல இருந்தது. வாட்டு என்பதால் அலுமாரிக்குப் பின்னால் போய் மூக்கைச் சீறினேன்.

விடிந்தது. பூரணம் கட்டிலில்தான் இருந்தார். அடுத்த நாளும் இருந்தார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கட்டு மாற்றும்போது அவரே அந்தப் பிள்ளையிடம் கேட்டார். "ஏன் புள்ள, இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறயில்ல?"

"நீங்க சொல்லணும் எண்டாக் கேக்கிறன் அக்கா. இல்லாட்டிக் கால மட்டும் பாப்பம்."

பூரணம் சொன்னார். இரண்டு பேரின் பெயரையும், மூத்தவளுக்கு இறால் பிடிக்காது என்பதையும், சின்னவன் நித்திரையில் கதைப்பான் என்பதையும். பிள்ளை இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை இருந்து கேட்டாள். டிக்கட்டில் எழுதியிருந்தபடி.

படலையில்

ஐந்தாவது கிழமைதான் எனக்குத் துணிச்சல் வந்தது. பூரணத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்டைக்கு அந்தப் புள்ளையளிட்ட அந்தக் கேள்வியக் கேக்கச் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும். கத்துற மிஸ். நான் போன அண்டு நீங்க போட்ட சத்தம் வெளி வாசல் படலை வரைக்கும் கேட்டிச்சி."

நான் ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தேன்.

"புள்ளையள்ள பிழ இல்ல மிஸ்" என்றார். "ஏசியிருந்தா இருந்திருப்பன். அன்பாக் கேட்டதுகள். அதுக்குத்தான் மறுமொழி சொல்ல ஏலாமப் போச்சி."

மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்ட தடவைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். பூரணம் என் கையைத் தட்டிவிட்டு, பிஸ்கட் ஒன்றை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அவர் என்னோடு எவ்வளவோ கதைத்தார். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்கவேயில்லை. மட்டக்களப்பில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த ஊர் வாசகர்களுக்குத் தெரியும்.

துண்டு வெட்டிய நாள் நல்ல வெயில். இரண்டு விரல் இல்லாத காலில் புதுச் செருப்பு. கால் இருந்தது, முழங்காலும் இருந்தது, அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. ரிஸ்னாவும் அந்தச் சின்னப் பிள்ளையும் நானும் படலைவரை போனோம். டப்பாவில் துணி அடுக்குகிற பெரிய சிஸ்டர்கூட வாசலில் வந்து நின்றார். தங்கச்சி பையைத் தூக்கிக்கொண்டு, வழக்கப்படி தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

பூரணம் படலையைத் தாண்டினார். நின்றார். திரும்பினார்.

"அப்ப வாறன்" என்றார்.

காவலுக்கு நின்ற மனிதர் பதறிப்போனார். "ஐயோ அம்மா, இஞ்ச அப்பிடிச் சொல்லப்படாது!"

"ஏன் சொல்லப்படாது? வியாழக்கிழமை கால் காட்ட வரச் சொல்லியிரிக்கி. வராம?"

சனம் திரும்பிப் பார்த்தது. தங்கச்சி வாயில் கையை வைத்தார். பூரணம் இன்னொரு தரம், இந்தமுறை எல்லோருக்கும் கேட்க, "வாறன்" என்று சொல்லிவிட்டு, ஊன்றுதடி இல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வியாழக்கிழமை அடைமழை. வாகரைப் பாதையில் வெள்ளம் நிற்கிறது என்றார்கள். எட்டு மணிக்கு நான் கிளினிக் வாசலில் நின்றேன். ஒன்பதுக்கும் நின்றேன். "மிஸ், உள்ள வாங்க, நனையிறீங்க" என்று ரிஸ்னா இரண்டு தரம் கூப்பிட்டாள். பத்தரை மணிக்கு ஒரு பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு பை இறங்கியது, அதற்குள் சேனையில் முறித்த சோளன். அதன் பின்னால் புதுச் செருப்போடு அந்த இடது கால் இறங்கியது.

"வந்திட்டன்" என்றார் பூரணம்.